ஹெச்பிவி தானா போயிடுமா? "போயிடுச்சு"ன்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்?

ஹெச்பிவி (பெரும்பாலும் உடலுறவு மூலமா பரவற வைரஸ்) பாசிட்டிவ்னு ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்த உடனே எல்லாரும் முதல்ல தேடுறது இந்த ஒரு கேள்வியைத்தான், இது தானா போயிடுமா போகாதா. தேடினா பதில் மூணு விதமா கிடைக்குது. ஒரு இடத்துல பயப்படாதீங்க ரெண்டு வருஷத்துல தானா போயிடும்னு இருக்கு, இன்னொரு இடத்துல கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்குக் காரணமே இதுதான்னு இருக்கு, மூணாவது இடத்துல இந்த வைரஸ் உடம்பை விட்டுப் போகவே போகாது, உள்ள ஒளிஞ்சுக்கிட்டே இருக்கும்னு இருக்கு. மூணுலயும் உண்மை இருக்கு, குழப்பமே அதனாலதான்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலானவங்களுக்குத் தானா போயிடும், 10 பேர்ல 9 பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள டெஸ்ட்ல தெரியாத அளவுக்குப் போயிடும். ஆனா அந்த 9 பேர்ல நாம இருக்கோமா இல்ல மீதி ஒருத்தரான்னு உடம்பு சொல்லாது, வலி இருக்காது, அரிப்பு இருக்காது, திரும்ப டெஸ்ட் எடுத்தாதான் தெரியும். அதனால "தானா போயிடும்"ங்கிறது உண்மையா இருந்தாலும் அதை நம்பி டெஸ்ட்டை விட்டுடறதுதான் ஆபத்து.

ஹெச்பிவின்னா ஒரு வைரஸ் இல்ல, ஒரு கூட்டம்

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்ங்கிறதோட சுருக்கம்தான் ஹெச்பிவி. 200-க்கும் மேல வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். கை கால்ல வர்ற சாதாரண மரு கூட இந்தக் குடும்பம்தான். இதுல ஏறக்குறைய 40 வகை பிறப்புறுப்பு பகுதியில வரும், உடலுறவு மூலமாவும் அந்த இடத்துத் தோல் தோலோட உரசறது மூலமாவும் பரவும்.

அந்த 40-ஐ ரெண்டா பிரிச்சுக்கணும்:

1. லோ ரிஸ்க் வகை. 6, 11 நம்பர்தான் இதுல முக்கியம், பிறப்புறுப்புல வர்ற மருக்கள்ல சுமார் 90 சதவீதம் இந்த ரெண்டாலதான். பார்க்கவே கஷ்டமா இருக்கும், ஆனா புற்றுநோயா மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

2. ஹை ரிஸ்க் வகை. ஒரு டஜன் சொச்சம் இருக்கு, இதுல 16, 18 ரெண்டு மட்டுமே கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இது வந்தா வெளியில ஒண்ணுமே தெரியாது.

இதைக் குழப்பிக்கிறவங்க நிறைய பேர். மரு வந்தவங்க புற்றுநோய் வந்துடும்னு தூக்கம் இல்லாம இருப்பாங்க, மரு இல்லாதவங்க எனக்கு ஒண்ணும் இல்லன்னு டெஸ்ட் பக்கமே போக மாட்டாங்க. ரெண்டும் தப்பு. மரு இல்லாதது ஹை ரிஸ்க் வகை இல்லங்கிறதுக்கு அத்தாட்சி இல்ல, மரு இருக்கிறவங்களுக்கும் கூடவே ஹை ரிஸ்க் வகை ஒண்ணு தனியா இருக்கலாம்.

வைரஸ் எங்க போய் உக்காருது

தானா எப்படிப் போகுதுன்னு புரியணும்னா வைரஸ் எங்க குடியிருக்குன்னு தெரியணும். கர்ப்பப்பை வாய் மேல இருக்கிற தோல் ஒரே அடுக்கு இல்ல, செங்கல் அடுக்கின மாதிரி பல அடுக்கு. அடியில இருக்கிற செல்கள்தான் பிரிஞ்சு புதுசு புதுசா உருவாகும், அதுங்க கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி, ஏற ஏறத் தட்டையாகி, கடைசியில மேல்பரப்புக்கு வந்து உதிர்ந்துடும். உரசல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் விழும்ல, அது வழியா வைரஸ் நேரா அடி அடுக்குக்குப் போயிடுது.

அங்க போய் அமைதியா இருக்கும், அந்தச் செல்லைக் கொல்லாது. அடி செல்லுல தன்னோட டிஎன்ஏவைக் கொஞ்சமா மட்டும் வெச்சுக்கிட்டு, அந்தச் செல்லு பிரிஞ்சு மேல ஏற ஆரம்பிச்சதும் கூடவே ஏறி, மேல்பரப்புக்குப் பக்கத்துல வந்த பிறகுதான் நிறைய பிரதி எடுக்கும், எடுத்து உதிர்ற செல்லோட சேர்ந்து வெளியில போய் அடுத்தவங்களுக்குப் பரவும். இந்தப் பயணம் முழுக்க ரத்தத்துல கலக்கிறதே இல்ல. அதனாலதான் காய்ச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது, சாதாரண ரத்தப் பரிசோதனையில ஹெச்பிவி இருக்கான்னு பார்க்கவும் முடியாது.

நம்ம உடம்போட காவல் படைக்கு இதுதான் சிக்கல். செல்லு உடைஞ்சு சிதறினாதான் அலாரம் அடிக்கும், இங்க உடையவே இல்ல, போதாததுக்கு வைரஸோட புரோட்டீன்கள் அந்த அலாரத்தோட சத்தத்தையும் குறைச்சு வெச்சுடுது. ஜலதோஷம் ஒரு வாரத்துல போகுது, இது போக ஏன் மாசக்கணக்கு ஆகுதுன்னா காரணம் இதுதான்.

உடம்பு எப்படி விரட்டுது

ஒரு கட்டத்துல கண்டுபிடிச்சுடும். கண்டுபிடிக்கிற வேலையை டி செல்னு சொல்ற வெள்ளை அணுக்கள்தான் செய்யுது. தானா கரைஞ்சுக்கிட்டு இருக்கிற மருவை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்த்தா அது முழுக்க டி செல் மொய்ச்சுக்கிட்டு இருக்கும், கரையாம அப்படியே இருக்கிற மருவுல அந்தக் கூட்டம் இருக்காது. "தானா போயிடுச்சு"ன்னு நாம சொல்றதுக்குப் பின்னாடி இப்படி ஒரு சண்டை நடந்து முடிஞ்சிருக்கு.

எவ்வளவு நாள் ஆகும்? புதுசா வந்த தொற்றுல ஏறக்குறைய பாதி 6 மாசத்துலருந்து ஒரு வருஷத்துக்குள்ள போயிடும், ரெண்டு வருஷம் முடியறப்ப சுமார் 90 சதவீதம் போயிருக்கும். எல்லா வகையும் ஒரே வேகத்துல போகாது, ஹை ரிஸ்க் வகைகள் கொஞ்சம் மெதுவா போகும், அதுலயும் 16 ரொம்பப் பிடிவாதம்.

இதுல பலர் தவறவிடற ஒரு விஷயம் இருக்கு. எவ்வளவு நாளா இருக்குங்கிறதுதான் முக்கியம். இப்பதான் வந்த தொற்றுன்னா 20 வயசுலயும் சரி 45 வயசுலயும் சரி போயிடறதுக்கான வாய்ப்பு நிறைய. ஏற்கனவே மூணு நாலு வருஷமா அதே வகை உக்காந்திருக்குன்னா அது இனிமே தானா கிளம்பறதுக்கான வாய்ப்பு வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே போகும்.

"போயிடுச்சு"ங்கிறதுல ரெண்டு அர்த்தம்

டெஸ்ட் பாசிட்டிவா இருந்து அப்புறம் நெகட்டிவ்னு வந்தா அதுக்கு ரெண்டு சாத்தியம்:

1. நிஜமாவே வைரஸ் இருந்த செல்கள் எல்லாம் அழிஞ்சு, வைரஸ் இல்லாமலே போயிடுச்சு.

2. அடி அடுக்குல ஏதோ சில செல்லுல மட்டும் ரொம்பக் குறைஞ்ச அளவுல தூங்குது, டெஸ்ட் பிடிக்கிற அளவுக்கு இல்ல, எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வெச்சிருக்கு.

ரெண்டுல எதுன்னு ஒரு தனி மனுஷருக்கு சொல்ற டெஸ்ட் இப்ப கிடையாது. ரெண்டாவது நிஜமா நடக்குதுன்னு நம்பறதுக்கு வலுவான காரணம், உறுப்பு மாற்று ஆபரேஷன் ஆகி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடறவங்க, சிகிச்சை இல்லாத ஹெச்ஐவி இருக்கிறவங்க, இவங்களுக்குப் புதுத் துணை யாரும் இல்லாமலே பழைய வகை திரும்பத் தலை காட்டுறது. "உடம்பை விட்டுப் போகவே போகாது"ங்கிற அந்த மூணாவது பதில் இங்கிருந்துதான் வருது. ஆனா அதைப் படிச்சுட்டு வாழ்நாள் நோயாளி ஆயிட்டோம்னு நினைக்க வேண்டாம். தூங்குற வைரஸ் புற்றுநோய் உண்டாக்காது, அதுக்கு அது முழிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா வேலை பார்க்கணும். டெஸ்ட் நெகட்டிவ்னா அந்த நேரத்துக்கு ஆபத்து ரொம்பக் குறைவு.

பால்வினை தொற்று வைரஸ் எல்லாமே ஒரே மாதிரின்னும் நினைச்சுடக்கூடாது. ஹெர்பிஸ் வந்தா நரம்புல போய்த் தங்கிடும், போகாது, ஹெச்ஐவி தானா போகாது, ஹெபடைடிஸ் பி பெரியவங்களுக்கு வந்தா 95 சதவீதம் பேருக்குத் தானா சரியாகும் ஆனா பிறந்த குழந்தைக்கு வந்தா பெரும்பாலும் நிரந்தரமா தங்கிடும். ஒண்ணைப் பத்தி படிச்சதை இன்னொண்ணுக்குப் போட்டுப் பார்க்கிறதுல வர்ற பயம் நிறைய.

போகாம தங்கிட்டா என்ன ஆகும்

ஜெர்மனிக்காரர் ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-ல 16-ஐயும் அடுத்த வருஷம் 18-ஐயும் கர்ப்பப்பை வாய் புற்றுநோய்த் திசுவுல கண்டுபிடிச்சார், அதுக்குத்தான் 2008-ல நோபல் பரிசு. அவர் இதைச் சொல்ல ஆரம்பிச்சப்ப அந்தத் துறையில நிறைய பேர் வேற வைரஸ் மேலதான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தாங்க.

நடக்கிறது இப்படி. நம்ம செல்லுக்குள்ள பிரேக் மாதிரி ரெண்டு காவல் புரோட்டீன் இருக்கு, ஒண்ணு பி53, இன்னொண்ணு ஆர்பி. டிஎன்ஏ கெட்டுப்போன செல்லைப் பிரிய விடாம நிறுத்தறது இதுங்கதான். ஹை ரிஸ்க் ஹெச்பிவி தயாரிக்கிற இ6ங்கிற புரோட்டீன் பி53-ஐ அழிக்குது, இ7 ஆர்பியைச் செயலிழக்க வைக்குது. ரெண்டு பிரேக்கும் போன வண்டி உடனே மோதிடாது, ஆனா வருஷக்கணக்கா அப்படியே ஓடினா டிஎன்ஏவுல தப்பு மேல தப்பு சேரும், திருத்த ஆள் இருக்காது.

அது படிப்படியாதான் போகும், கர்ப்பப்பை வாய் செல்கள்ல புற்றுநோய்க்கு முன்னாடி வர்ற அந்த மாற்றத்தோட படிகளுக்கு சிஐஎன்னு பேரு:

1. சிஐஎன் 1: பெரும்பாலும் வைரஸ் இருக்குங்கிறதோட அடையாளம் அவ்வளவுதான். பெரும்பாலானது தானா சரியாயிடும், வழக்கமா சிகிச்சை தர மாட்டாங்க, பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

2. சிஐஎன் 2: நடுவுல இருக்கு. ரெண்டு வருஷம் பார்த்தா ஏறக்குறைய பாதி தானா குறையும். சின்ன வயசு, இனிமே குழந்தை வேணும்னு நினைக்கிறவங்கன்னா டாக்டர் காத்திருக்கலாம்னு சொல்லலாம், மத்தவங்களுக்கு சிகிச்சை பக்கம் போவாங்க.

3. சிஐஎன் 3: இங்க காத்திருக்கக்கூடாது, மாறின செல்கள் இருக்கிற பகுதியை எடுத்துடணும்.

சிஐஎன் 3-ஐ சும்மா விட்டா என்ன ஆகும்னு உலகத்துக்குத் தெரியறதுக்குக் காரணமே நடந்திருக்கக்கூடாத ஒரு விஷயம். நியூசிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில 1960-கள் 70-கள்ல பல பெண்களுக்கு இந்த நிலை இருந்தும், இது புற்றுநோயா மாறாதுன்னு நம்பி சரியான சிகிச்சை தராம சும்மா கண்காணிச்சாங்க, அந்தப் பெண்களுக்கு அது தெரியவும் தெரியாது. பின்னாடி அரசு விசாரணை வந்தது. அவங்க ரெக்கார்டுகளை எடுத்துப் பார்த்தப்ப சரியான சிகிச்சை கிடைக்காதவங்கள்ல 30 வருஷத்துல சுமார் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது, முறையா சிகிச்சை கிடைச்சவங்களுக்கு 1 சதவீதத்துக்கும் கீழ. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் டெஸ்ட்டும் சிகிச்சையும் செய்யற வேலை.

தொற்று வந்ததுலருந்து புற்றுநோய் ஆகறதுக்குப் பொதுவா 15 முதல் 20 வருஷம் ஆகும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எதிர்ப்பு சக்தி ரொம்பக் குறைஞ்சவங்களுக்கு 5 முதல் 10 வருஷத்துலயே ஆகலாம். இவ்வளவு அவகாசம் குடுக்கிற புற்றுநோய் ரொம்பக் கம்மி. அப்படி இருந்தும் 2022-ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 3,50,000 பேர் இதுல இறந்திருக்காங்கன்னா, அந்த அவகாசம் அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பயன்படவே இல்லன்னுதான் அர்த்தம்.

யாருக்குத் தங்கிடும்

1. சிகரெட் பிடிக்கிறவங்க. கர்ப்பப்பை வாய்ல இருக்கிற நோய் எதிர்ப்பையே புகையிலை கெடுக்குது. நம்ம கையில இருக்கிற விஷயம்னு பார்த்தா இதுதான் முதல்ல.

2. ஹெச்ஐவி இருக்கிறவங்க. இவங்களுக்குக் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வர்ற ஆபத்து மத்தவங்களைவிட 6 மடங்கு. மருந்து ஒழுங்கா எடுத்தா நிலைமை நல்லாவே மாறும்.

3. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து நீண்ட நாளா எடுக்கிறவங்க.

4. வகை 16 வந்தவங்க. இதுல நாம செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, ஃபாலோ அப் விடாம போகணும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது

ஒரு உதாரண ரிப்போர்ட்டை வரி வரியா பார்ப்போம், ஏன்னா பயம் முழுக்க இந்தத் தாள்லதான் ஆரம்பிக்குது.

முதல் வரி, "ஹை ரிஸ்க் ஹெச்பிவி டிஎன்ஏ: டிடெக்டட்". அடுத்த வரி, "டைப் 16: நாட் டிடெக்டட், டைப் 18: நாட் டிடெக்டட், மற்ற ஹை ரிஸ்க் டைப்கள்: டிடெக்டட்". கீழ இன்னொரு வரி, "சைட்டாலஜி: நெகட்டிவ் ஃபார் இன்ட்ராஎபிதீலியல் லீஷன்".

முதல் வரியில "ஹை ரிஸ்க்"ங்கிற வார்த்தையைப் பார்த்துதான் கை நடுங்கும். அது வைரஸ் வகையோட பேரு, உங்களுக்கு ஆபத்து அதிகம்னு சொல்ற வரி இல்ல. ரெண்டாவது வரி, ரொம்ப மோசமான ரெண்டு வகையும் இல்ல, மீதி இருக்கிற பத்து பன்னெண்டுல ஏதோ ஒண்ணோ ரெண்டோ இருக்குன்னு சொல்லுது. மூணாவது வரி பாப் ஸ்மியரோடது, அதாவது செல்லை மைக்ரோஸ்கோப்ல பார்த்தாச்சு, மாற்றம் எதுவும் தெரியல. சேர்த்துப் படிச்சா: விருந்தாளி வந்திருக்கு, வீட்டுல எதையும் இன்னும் உடைக்கல. இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கு வழக்கமா சொல்றது ஒரு வருஷம் கழிச்சு திரும்ப எடுங்கன்னுதான். 16 அல்லது 18 பாசிட்டிவா இருந்தாலோ, பாப்ல மாற்றம் தெரிஞ்சாலோ பொதுவா கால்போஸ்கோபின்னு ஒரு லென்ஸ் வெச்சு நேரா பார்ப்பாங்க, தேவைப்பட்டா பயாப்ஸி, அதாவது சின்னத் துண்டு சதை எடுத்து சோதிப்பாங்க.

"ஒரு வருஷம் சும்மா இருக்கவா, இப்பவே எடுத்துட வேண்டியதுதானே"ன்னு கேக்கிறது நியாயமான கேள்விதான். ஆனா எடுக்கிறதுன்னா கர்ப்பப்பை வாயோட ஒரு பகுதியை வெட்டறது, அதுக்கப்புறம் வர்ற கர்ப்பத்துல குறைமாசப் பிரசவத்துக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். தானா போகப்போற ஒண்ணுக்கு அந்த விலையைக் குடுக்க வேண்டாம்னுதான் காத்திருக்கச் சொல்றாங்க, அலட்சியத்தால இல்ல. அதே காரணத்துக்காகத்தான் சின்ன வயசுல ஹெச்பிவி டெஸ்ட்டே எடுக்கச் சொல்றதில்ல, உலக சுகாதார நிறுவனம் 30 வயசுலருந்து 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருதடவைன்னு சொல்லுது, ஹெச்ஐவி இருக்கிறவங்கன்னா 25-லருந்து 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருதடவை.

யார்கிட்டருந்து வந்துச்சு?

இதைத் தனியா எழுதறதுக்குக் காரணம், இந்த வைரஸ் உடம்பைவிட வீட்டுக்குள்ளதான் அதிக சேதம் பண்ணுது. 38 வயசுல முதல் தடவை டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ்னு வந்தா, உடனே யாரோ யாருக்கோ துரோகம் பண்ணிட்டாங்கன்னு சண்டை ஆரம்பிச்சுடுது. ஆனா அந்த டெஸ்ட்டுக்கு தேதி தெரியாது. போன மாசம் வந்ததா, 15 வருஷத்துக்கு முன்னாடி வந்து இத்தனை நாளும் தூங்கி இப்ப எழுந்ததான்னு அதால சொல்ல முடியாது. உடலுறவு வாழ்க்கை இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது இது வந்திருக்கும், ஒரே ஒரு துணை மட்டும் இருந்தவங்களுக்கும் வரும். ஹெச்பிவி பாசிட்டிவ் ரிப்போர்ட்டை யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியா வைக்க முடியாது, தயவு செஞ்சு வைக்காதீங்க.

ஆண்களுக்கும் இது வரும், அவங்களுக்கும் பெரும்பாலும் தானா போயிடும், ஆனா பெண்களுக்கு இருக்கிற மாதிரி வழக்கமா எடுக்கிற அங்கீகரிக்கப்பட்ட டெஸ்ட் அவங்களுக்கு இல்ல. தொண்டை, ஆசனவாய், ஆண்குறி புற்றுநோய்கள்ல ஒரு பங்கு ஹெச்பிவியாலதான், அதனால இது பெண்கள் பிரச்சினை மட்டும் இல்ல. காண்டம் பரவறதைக் குறைக்கும், முழுசா தடுக்காது, மூடாத இடத்துத் தோல் உரசினாலும் பரவும்.

மருந்து உண்டா, வேக்சின் போட்டா போயிடுமா

வைரஸைக் கொல்ற மாத்திரை ஹெச்பிவிக்கு இதுவரைக்கும் கிடையாது. மருவை க்ரீம் போட்டோ உறைய வெச்சோ எடுக்கலாம், மாறின செல்லை எடுக்கலாம், வைரஸை நேரடியா எதுவும் பண்ண முடியாது. "30 நாள்ல ஹெச்பிவி நெகட்டிவ்"னு விக்கிற பவுடர், சொட்டு மருந்து, கேப்சூல் எல்லாத்துக்கும் ஒரு சௌகரியம் இருக்கு, எதைச் சாப்பிட்டாலும், சாப்பிடாம இருந்தாலும், பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துல போகப்போகுது. போனவங்க அந்த மருந்தாலதான்னு சத்தியம் பண்ணுவாங்க, மனசறிஞ்சு பொய் சொல்றதில்ல, ஆனா காரணம் அது இல்ல.

வேக்சின் வர்றதுக்கு முன்னாடி தடுக்கும், வந்ததை விரட்டாது. அதுல வைரஸோட வெளி ஓடு மாதிரி ஒரு புரோட்டீன் மட்டும்தான் இருக்கு, உள்ள டிஎன்ஏ கிடையாது, அதனால வேக்சினால ஹெச்பிவி வராது. அது உண்டாக்கற ஆன்டிபாடி வைரஸ் செல்லுக்குள்ள நுழையறதைத் தடுக்கும், ஏற்கனவே உள்ள போனதை அதால எட்ட முடியாது. வயசோட முக்கியத்துவம் இதுலதான் இருக்கு. சுவீடன்ல பெரிய அளவுல பார்த்து 2020-ல வெளியிட்டாங்க, 17 வயசுக்கு முன்னாடி போட்டவங்களுக்குப் புற்றுநோய் 88 சதவீதம் குறைஞ்சிருந்தது, 17-லருந்து 30-க்குள்ள போட்டவங்களுக்கு 53 சதவீதம். பாசிட்டிவ் வந்த பிறகு போடலாமான்னா, இன்னும் தொடாத மத்த வகைங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும், வயசு வெச்சு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணலாம்.

நெகட்டிவ் வந்த பிறகு

ஒரு வகை போயிடுச்சுன்னா இனிமே ஹெச்பிவியே வராதுன்னு இல்ல. இயற்கையா வர்ற தொற்றுக்கு ஆன்டிபாடி எல்லாருக்கும் உண்டாகறதில்ல, உண்டானாலும் பலவீனமா இருக்கும், அதே வகை திரும்ப வரலாம், வேற வகையும் வரலாம். சிஐஎன் 3-க்கு சிகிச்சை எடுத்தவங்க அதோட முடிஞ்சதுன்னு விடக்கூடாது, அமெரிக்க வழிகாட்டுதல்படி குறைஞ்சது 25 வருஷம் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும். வேக்சின் போட்டவங்களும் அப்படித்தான், இப்ப இருக்கிறதுலயே அதிக வகையைத் தடுக்கிற வேக்சின் 9 வகைக்கு வேலை செய்யுது, அதுல ஹை ரிஸ்க் 7, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்ல சுமார் 90 சதவீதம் அதுக்குள்ள அடங்கிடும், மீதிக்கு டெஸ்ட்தான்.